படுக்கையில் சுற்றுவதும் அடுப்படியில் சுற்றுவதும்

கேள்வி: எனக்கு வயது 56. பிரஷருக்கும் சீனிக்கும் பல வருடமாகக் குளிசை எடுக்கிறேன். ஒன்றரை மாதமாக, விடியற்காலையில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் அறையே சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். ஆனால் அதற்குள் உயிர் போய்த் திரும்பி வரும். ஒரு தடவை சத்தியும் எடுத்தேன். கொடியில் துணி போட அண்ணாந்தாலும் வருகிறது. குடும்ப டொக்டர் காதில்தான் பிரச்சினை என்று குளிசை தந்தார். எங்கள் மாடியில் இருக்கும் ஐயா ஒருவருக்குத் தலைசுற்றில் தொடங்கித்தான் பாரிசவாதம் வந்தது. அந்தப் பயத்தில் இரண்டு கிழமைக்கு முன் நானாகவே மூளைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தேன். நோர்மல் என்று வந்தது. கனடாவில் இருக்கும் தம்பி, எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்கிறான். இது காதா, மூளையா? போன செவ்வாய்க்கிழமை சமைத்துக்கொண்டு நின்றபோதும் ஒருதரம் சுற்றியது. பத்து நிமிடம் இருக்கும். நாக்குக் குழறுகிறது என்று கணவர் சொன்னார். பிறகு தானாகவே சரியாகிவிட்டது. அதுவும் காதுதானே?
(பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சலைப் படித்ததுமே, "இன்றைக்கே தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று இரண்டு வரியில் பதில் அனுப்பியிருந்தேன். போய் வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏதோ காரணத்தால் இன்னும் போகவில்லை என்றால், இதை அப்படியே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். மீதியை வந்து படிக்கலாம்.

உங்களுக்கு இருப்பது ஒரு தலைசுற்று அல்ல, இரண்டு. கடிதம் முழுவதும் நீங்கள் பயந்து பயந்து எழுதியிருக்கும் படுக்கைத் தலைசுற்றைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கடைசி நான்கு வரியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன செவ்வாய்க்கிழமைதான் என்னைப் பயமுறுத்தியது. இரண்டையும் ஒரே வருத்தம் என்று சேர்த்துக் கட்டியதில் உங்கள் மேல் பிழை இல்லை. நம்மில் யாரும் அப்படித்தான் செய்வோம். ஏற்கெனவே தலைசுற்று இருக்கிறது, டொக்டரும் காது என்று சொல்லிவிட்டார், ஆகவே இதுவும் அதுதான் என்று மனம் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும்.

நோயாளி வந்து உட்கார்ந்ததும், "அறை சுற்றுகிறதா, நீங்கள் சுற்றுகிறீர்களா, மிதக்கிற மாதிரி இருக்கிறதா, கண் இருட்டுகிறதா" என்று கேட்பது வழக்கம். அந்தப் பதில்களை வைத்துக் காதையும் மூளையையும் பிரித்துவிடலாம் என்று வைத்தியர்களும் நீண்ட காலம் நம்பினார்கள். ஆனால் ஒரே ஆளிடம் பத்து நிமிடம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரும். பூமி சுழன்றால்தான் காது, லேசாகத் தள்ளாடினால் மூளை என்றெல்லாம் கணக்கு இல்லை. அதைவிட நம்பத்தகுந்த கேள்விகள் இரண்டு. எவ்வளவு நேரம் இருந்தது? எது அதை வரவழைத்தது? உங்கள் இரண்டு தலைசுற்றுகளையும் இந்த இரண்டு கேள்விகளில் வைத்துப் பாருங்கள். உடனே பிரிந்து நிற்கும்.

முதலில் படுக்கையில் வருவது. அது வரும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வரவழைப்பது புரண்டு படுப்பதும் அண்ணாந்து பார்ப்பதும். சும்மா இருந்தால் வருவதில்லை. தலைசுற்று வருத்தங்களிலேயே மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒன்றின் முகம் இது. உட்காதில், நாம் நேராக இருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று அறியும் பகுதியில், கல்சியம் காபனேற்றால் ஆன நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயது போகப் போக, அல்லது தலையில் அடிபட்டால், சில துகள்கள் கழன்று பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். அந்தக் குழாய்கள் தலையின் திருப்பத்தை உணர்வதற்கானவை. நீங்கள் புரளும்போது துகள்கள் உள்ளே சரிந்து திரவத்தையும் தள்ளுகின்றன. நீங்கள் அசையாமல் கிடந்தாலும், தலை இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது என்று அந்தக் காது மூளைக்குச் சொல்கிறது. துகள் அடியில் படிந்ததும் எல்லாம் நின்றுவிடும். அந்த அரை நிமிடத்தின் கதை இவ்வளவுதான். ஐம்பது கடந்த பெண்களிடம் இது கூடுதலாக வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை, ஒரு கட்டில் போதும். உங்களைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, கண்ணை மூடாமல் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைப்போம். தலை கட்டில் விளிம்பில் கொஞ்சம் தாழ்ந்து தொங்கும். முதல் இரண்டு மூன்று செக்கன்கள் ஒன்றும் நடக்காது. பிறகு கண்மணிகள் மேல்நோக்கித் துள்ளத் தொடங்கும். துள்ளும்போதே கீழே இருக்கும் காதின் பக்கம் முறுகும். நோயாளி கட்டிலை இறுக்கிப் பிடிப்பார். துள்ளல் வேகமெடுத்து, தளர்ந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு வைத்தியர்கள் 1952இல் விவரித்த பரிசோதனை இது. ஒழுங்காகப் பார்த்தால் அந்தக் கண்ணசைவே நோயின் பெயரையும் எந்தக் காது என்பதையும் சொல்லிவிடும். தாமதமே இல்லாமல் தொடங்கி நிற்காமல் போனாலோ, கண் நேர்கீழாகத் துள்ளினாலோ, அப்போதுதான் மூளையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதற்கு வைத்தியமும் கட்டிலிலேயே இருக்கிறது. எப்லி என்ற அமெரிக்கக் காது வைத்தியர் வகுத்த முறைப்படி, தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களை அந்தக் குழாயிலிருந்து வெளியே உருட்டிவிடலாம். பெரும்பாலானோருக்கு ஓரிரு தடவையிலேயே நின்றுவிடும். சில மாதமோ வருடமோ கழித்துத் திரும்ப வரலாம். வந்தால் திரும்பவும் அதையே செய்யலாம்.

உங்களுக்குத் தந்திருக்கும் குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னரிசின், புரோகுளோர்பெரசின், பீட்டாஹிஸ்டின் எதுவானாலும் குழாய்க்குள் போன துகளை வெளியே எடுக்காது. முதலிரண்டும் குமட்டலை அடக்கும், சில நாளைக்கு உதவும். ஆனால் மாதக்கணக்கில் எடுத்தால் தூக்கக் கலக்கமும், வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். நமது ஃபார்மசிகளில் பழைய சிட்டையைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கிப் போடும் பழக்கத்தால், பாக்கின்சன் போன்ற நடுக்கத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நீட்டிக்காதீர்கள்.

இனிச் செவ்வாய்க்கிழமை. நீங்கள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தீர்கள். புரளவில்லை, அண்ணாந்து பார்க்கவில்லை. தலைசுற்று தானாகத் தொடங்கியது. அரை நிமிடத்தில் நிற்காமல் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு கேள்விக்கும் பதில் வேறு. அதற்கு மேல், நாக்குக் குழறியது. காதுக்குள் என்ன கோளாறு நடந்தாலும் நாக்குக் குழறாது. பேச்சு, விழுங்குதல், முகத்தின் உணர்ச்சி, ஒரு பொருள் ஒன்றாகத் தெரிவது, இவற்றின் நரம்புகள் எல்லாம் மூளைத்தண்டில் நெருங்கிக் கிடக்கின்றன. அதற்கும் சிறுமூளைக்கும் இரத்தம் கொண்டுபோவது கழுத்தின் பின்பக்கமாக ஏறும் இரண்டு நாடிகள். அவற்றில் அடைப்பு வந்து தானாகவே விலகினால் நீங்கள் எழுதியது போலவே நடக்கும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். சரியானதும் சமையலும் தொடரும்.

இதைத் தற்காலிகப் பாரிசவாதம் என்போம். உங்களுக்கு வந்தது அதுதான் என்று கடிதத்தை வைத்து முடிவு சொல்ல என்னால் முடியாது. ஆனால் 56 வயதில், பிரஷரும் சீனியும் இருக்கிற ஒருவர் இப்படி எழுதினால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தானாகச் சரியானது நல்ல அறிகுறி என்று நினைக்கிறோம். உண்மையில் அடுத்து வரக்கூடிய நிலையான பாரிசவாதத்துக்கான ஆபத்து, இப்படி ஒன்று வந்து போன முதல் சில நாட்களில்தான் மிகக் கூடுதல். இதயத் துடிப்பு ஒழுங்கா என்று ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும், கழுத்து நாடிகளைப் படம் எடுக்க வேண்டும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தொடங்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் டொக்டரைப் பார்க்கச் சனல் நம்பர் கிடைத்திருக்கிறது, அதுவரை பார்ப்போம் என்று இருக்கிற விஷயம் அல்ல இது. வீட்டில் இருக்கும் அஸ்பிரினை நீங்களாகப் போடவும் வேண்டாம். இரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகு வைத்தியர் தரட்டும்.

"சி.டி. நோர்மல்தானே" என்று கேட்பீர்கள். முதலாவது, அந்த ஸ்கேன் செவ்வாய்க்கிழமைக்கு முன் எடுத்தது. இரண்டாவது, பிறகு எடுத்திருந்தாலும் எனக்கு அது ஆறுதல் தராது. சி.டி. இரத்தக்கசிவை நன்றாகக் காட்டும். அடைப்பால் வரும் பாரிசவாதத்தை முதல் மணித்தியாலங்களில் பெரும்பாலும் காட்டாது. அதிலும் சிறுமூளையும் மூளைத்தண்டும் தடித்த எலும்புகளுக்கு நடுவே இருப்பதால் அந்த இடத்தின் படம் தெளிவாக விழாது. தற்காலிக அடைப்பு என்றால் தடயமே இல்லாமலும் போகலாம். கொழும்பில் ஒரு சி.டி.க்கு எவ்வளவு செலவாகும் என்பது எனக்குத் தெரியும். கடன்பட்டு எடுத்துவிட்டு, "மூளையில் ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாக வீடு போகிறவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. படுக்கைத் தலைசுற்றுக்கு அது தேவையே இல்லை. ஆபத்தான தலைசுற்றுக்கு அது போதவே போதாது.

தம்பி சொல்லும் எம்.ஆர்.ஐ. அதைவிட எவ்வளவோ மேல், உங்களுக்கு இப்போது அது தேவைப்படவும் கூடும். ஆனால் அதுவும் கடைசித் தீர்ப்பு அல்ல. 2009இல் அமெரிக்காவில் கட்டா, நியூமன்-டோக்கர் முதலான வைத்தியர்கள், ஓயாத தலைசுற்றோடு வந்தவர்களில் பாரிசவாத ஆபத்துள்ள 101 பேரை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பாரிசவாதம் வந்திருந்தவர்களில் 12 சதவீதமானோருக்கு முதல் எம்.ஆர்.ஐ. ஒன்றும் காட்டவில்லை. அவை எல்லாம் வருத்தம் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் எடுத்த படங்கள். அதே ஆட்களில், பழகிய வைத்தியர் கட்டிலருகே செய்த கண் பரிசோதனை படத்தைவிட நன்றாகப் பிடித்தது.

அந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் விளக்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதில் எல்லாரையும் ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. இது உங்கள் அரை நிமிடத் தலைசுற்றுக்கானது அல்ல. மணிக்கணக்காக, நாள்கணக்காக விடாமல் சுற்றுகிறவர்களுக்கானது. நோயாளி வைத்தியரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வைத்தியர் அவர் தலையை இரு கையாலும் பிடித்து, எதிர்பாராத கணத்தில் ஒரு சிறு அளவு சட்டென்று திருப்புவார். காது நரம்பில் கிருமியாலோ அழற்சியாலோ பழுது என்றால், கண்கள் தலையோடு சேர்ந்து இழுபட்டுப் போய், ஒரு கணம் கழித்து மூக்குக்குத் துள்ளித் திரும்பும். கண்கள் மூக்கை விடாமல் ஒட்டிக்கொண்டே நின்றால் காதின் பாதை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். சாதாரண நேரத்தில் அது நல்ல செய்தி. ஆனால் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறவருக்குக் காது நன்றாக இருக்கிறது என்றால், பிறகு எங்கிருந்து சுற்றுகிறது? அங்கே நோர்மல் என்பதுதான் கெட்ட செய்தி. இதோடு, இடப்பக்கம் பார்க்கும்போது இடப்பக்கமாகவும் வலப்பக்கம் பார்க்கும்போது வலப்பக்கமாகவும் கண் துள்ளித் திசை மாறுகிறதா, கண்களை மாறி மாறி மறைக்கும்போது, மறைப்பு விலகிய கண் மேலோ கீழோ நகர்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். கழுத்தைத் திருப்பும் வேலை, பழகாத கைக்கு ஆகாது.

கழுத்து என்றதும் ஒன்று. சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் 'டக்' என்று முறிக்கிறார்களே, அதை வேண்டாம் என்று வீட்டு ஆண்களுக்குச் சொல்லுங்கள். கழுத்தின் பின்பக்கமாக மூளைக்கு ஏறும் நாடியின் உட்சுவர் கிழிந்து, இளம் வயதிலேயே சிறுமூளையில் பாரிசவாதம் வரலாம். புதிதாகக் கழுத்து வலி, பிடரி வலி, அதோடு தலைசுற்று என்றால் வயது முப்பது என்றாலும் அவசரம்தான். அதே நேரம், ஐம்பது தாண்டியவருக்கு எக்ஸ்ரே எடுத்துக் "கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, அதனால்தான் சுற்றுகிறது" என்று பட்டி போட்டு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வயதில் தேய்வு அநேகமாக எல்லாருக்கும் தெரியும், தலைசுற்றுக்கு அது காரணமாக இருப்பது அரிது.

மாடியில் இருக்கும் ஐயாவுக்கு வந்ததைக் குறிப்பிட்டிருந்தீர்கள். பாரிசவாதம் என்றால் கை கால் விழ வேண்டும், வாய் கோண வேண்டும் என்றுதான் நமக்குப் பழக்கம். சிறுமூளையில் வந்தால் அந்த இரண்டும் இல்லாமலே இருக்கலாம். ஆள் படுத்திருக்கும்போது கை காலை நன்றாக ஆட்டுவார், தெளிவாகப் பேசவும் பேசுவார். தலைசுற்றும் சத்தியும் மட்டும் இருக்கும். வீட்டில் "காஸ், நேற்றுச் சாப்பிட்ட சாப்பாடு" என்பார்கள். எழுப்பி நிறுத்தினால்தான் தெரியும். பிடிக்காமல் ஓர் அடி வைக்க முடியாது, சில பேரால் கட்டிலில் நேராக உட்காரவும் முடியாது. காது வருத்தக்காரரும் தள்ளாடுவார், ஆனால் சுவரைப் பிடித்தாவது கழிவறைக்குப் போய்விடுவார். உதவியில்லாமல் நிற்கவே முடியாதவரைக் குளிசை கொடுத்துத் தூங்க விடக் கூடாது. சிறுமூளை வீங்கினால் இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்தாகும்.

சத்தி வந்தால் காது, தலையை அசைத்தால் கூடினால் காது என்று சொல்வதும் சரியில்லை. எந்தத் தலைசுற்றும் தலையை அசைத்தால் கூடும். இல்லாததை அசைவு வரவழைக்கிறதா, இருப்பதைக் கூட்டுகிறதா என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும். கேட்கும் சக்தி குறைந்தால் காது என்பதும் பெரும்பாலும் சரி. நாள்பட்டு, காது இரைச்சலும் அடைப்பும் சேர்ந்து, இருபது நிமிடத்திலிருந்து பல மணித்தியாலம் வரை சுற்றி ஓயும் மெனியர் நோய் அப்படிப்பட்டது. ஆனால் உட்காதுக்குப் போகும் இரத்தமும் அந்தப் பின்பக்க நாடியின் கிளையிலிருந்துதான் போகிறது. ஆகவே பிரஷர், சீனி உள்ளவருக்குத் திடீரென்று ஒரு காது கேட்காமல் போய்த் தலையும் சுற்றினால், காது வைத்தியரின் முறைக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

ஒற்றைத் தலைவலிக்காரருக்கு வலி இல்லாமலே தலைசுற்று மட்டும் வந்து போவதும் உண்டு. உங்கள் கடிதத்தில் அதற்கு அடையாளம் இல்லை. படுக்கையில் புரளும்போது ஒன்றுமில்லாமல், எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால் அது பிரஷர் இறங்குவது. குளிசையின் அளவைப் பார்க்க வேண்டும். விரதம் இருந்துகொண்டு சீனிக் குளிசை போட்டவருக்கு வியர்வையும் நடுக்கமுமாகச் சுற்றினால் உடனே சீனியை அளந்து பாருங்கள்.

அடுத்த தடவை நாக்குக் குழறினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, முகமோ ஒரு பக்கமோ மரத்தாலோ, நிற்க முடியாமல் சரிந்தாலோ, இதுவரை இல்லாத தலைவலி இடியாய் இறங்கினாலோ 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "தலைசுற்று" என்று மட்டும் சொல்லாமல் "பாரிசவாதம் என்று சந்தேகம்" என்று கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கணவர் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்து வைக்கட்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலை பக்கம்தான். வீட்டில் கூடிப் பேசி முடிவெடுப்பதில்தான் நேரம் போகிறது.

வைத்தியசாலைக்குப் போகும்போது பிரஷர், சீனிக் குளிசைகளின் அட்டைகளையும் அந்த சி.டி. படத்தையும் கொண்டு போங்கள். கேட்கிற டொக்டரிடம் படுக்கைத் தலைசுற்றில் தொடங்காதீர்கள், செவ்வாய்க்கிழமையை முதலில் சொல்லுங்கள். உங்கள் நாக்குக் குழறியதைக் கேட்டவர் கணவர், ஆகவே அந்தப் பகுதியை அவரே சொல்லட்டும். பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எப்லி முறையை யூடியூபில் பார்த்து இப்போதே வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கழுத்து நாடிகளைப் பார்த்து முடித்து, பரவாயில்லை என்று வைத்தியசாலையில் சொன்ன பிறகு, காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போய் அந்தக் கட்டில் பரிசோதனையைக் கேட்டுச் செய்வித்துக்கொள்ளுங்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று பார்த்துத்தான் திருப்ப வேண்டும். அதுவரை இரண்டு தலையணை வைத்து இடப்பக்கமாகப் படுங்கள். விடியற்காலையில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழும்புங்கள். கொடியில் துணி போடும் வேலையைக் கொஞ்ச நாளைக்குக் கணவர் பார்க்கட்டும்.